வாரா வாரம் திரும்பிய பாதங்கள்

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது. லாஸ்டிங் பிரிவில் இருந்தேன். தைத்து வருகிற தோலைச் சூடு காட்டி, பிளாஸ்டிக் கால் அச்சின் மேல் இழுத்துப் பிடித்து, மெஷினில் கொடுத்து அச்சோடு படிய வைக்கிற வேலை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை கையில் ஏதாவது ஒரு கால் அச்சு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே இது ஆண் கால், இது பெண் கால், இது எட்டு வயசுப் பிள்ளையின் கால் என்று சொல்லிவிடுவேன். காலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு அந்த வயதில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

அந்த ஆவணியில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். அக்காவும் அதே கம்பெனிதான். தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டுகிற பிரிவில் ஏழாம் மாதம் வரை வேலைக்கு வந்தாள். அக்கா வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஷூப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பிரசவ வார்டு வாசலில் நானும் அம்மாவும் அக்காவின் மாமியாரும்தான் நின்றோம்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். பெண் குழந்தை. தலை நிறைய முடி. அம்மா கையை நீட்டினாள். ஆனால் நர்ஸ் உடனே கொடுக்கவில்லை. "இதையும் பார்த்துக்குங்க" என்று சொல்லி, கீழே சுற்றியிருந்த துணியை மெதுவாக விலக்கினார்.

இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. உள்ளங்கால்கள் கீழே பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, கும்பிடுவதற்குக் கைகளைச் சேர்க்கப் போகிற மாதிரி. குதிகால் மேலே ஏறிப்போய், இருக்கிற இடமே தெரியவில்லை. எத்தனையோ கால் அச்சுகளைப் பார்த்தவன் நான். இப்படி ஒன்றை அதுவரை பார்த்ததில்லை.

"கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாடி?" அக்காவிடம் மாமியார் கேட்ட முதல் கேள்வி அதுதான். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் மட்டும் இருந்தபோது மெல்லிய குரலில் சொன்னாள்: "அந்தப் பசை வாசனைதான்டா. ஏழு மாசம் மோந்துக்குனே இருந்தேன் இல்ல, அதான் பாப்பா கால்ல வந்து நின்னுடுச்சு."

பிரசவம் பார்த்த டாக்டர், இது பயப்படுகிற விஷயமில்லை, வேலூரில் குழந்தைகளின் எலும்புப் பிரிவு இருக்கிற ஒரு மருத்துவமனைக்குச் சீக்கிரம் போங்கள், சின்னதிலேயே போனால் சரியாகும் என்று சொல்லிக் கடிதமும் கொடுத்தார். வீட்டில் யாரும் நம்பவில்லை. ஆபரேஷன் செய்து கம்பி வைப்பார்கள் என்றார் ஒருவர். கொஞ்சம் வளரட்டும், எண்ணெய் போட்டு நீவினால் போதும் என்றார் இன்னொருவர். மொபைலில் வீடியோ காலில் குழந்தையைப் பார்த்த, அக்கா வீட்டுக்காரரான மாமா மட்டும், "நீ கூட்டிக்குனு போடா. நான் வர்ற வரைக்கும் காத்துக்குனு இருக்காத" என்றார்.

பன்னிரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை, அக்காவும் நானும் குழந்தையோடு பஸ் ஏறினோம். மாதனூர் வருவதற்குள் பக்கத்து சீட்டு அம்மா பேச்சுக் கொடுத்துவிட்டார். "பச்சப் புள்ளைய எங்கம்மா தூக்கிக்குனு போற?" அக்கா சட்டென்று துணியை இழுத்துக் குழந்தையின் கால்களை மூடினாள். "தடுப்பூசிக்கு" என்றாள். வேலூர் வரும்வரை அந்தத் துணியைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை.

மருத்துவமனையின் அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெஞ்சு முழுக்கக் கைக்குழந்தைகள். எல்லாக் குழந்தைக்கும் பாதத்தில்தான் பிரச்சினை. சிலருக்கு ஒரு கால், சிலருக்கு இரண்டும். இடுப்புக்குக் கீழே வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டோடு ஒரு குழந்தை தன் அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இடி விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அக்கா ஓரமாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, முதல் முறையாகக் குழந்தையின் கால் மேலிருந்த துணியை விலக்கி விட்டாள்.

டாக்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான உருவம், மாவு தெறித்த ஏப்ரன். அதிகம் பேசுகிறவராகத் தெரியவில்லை. குழந்தையின் பாதத்தைக் கையில் எடுத்ததுமே அக்கா அந்தப் பசைக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். எத்தனை நாள் உள்ளே வைத்துப் புழுங்கினாளோ, கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. டாக்டர் பாதத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"இங்க பாருங்கம்மா. உங்க குழந்தை மத்தபடி நல்லா இருக்கு. நீங்க மோந்தது, சாப்ட்டது, வெளிய போனது, இதுல எதையும் நெனச்சு உங்களையே திட்டிக்காதீங்க. இது ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. எப்படிச் சரி பண்றதுன்னு தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொன்னார். அக்கா கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, என்னிடம், "தம்பி, நீங்க இந்த முட்டியைப் பிடிச்சுக்குங்க, ஆடாம" என்றார். நான் பிடித்தேன். எங்கள் வேலையில் ஒரு வடிவத்தை மாற்ற வேண்டும் என்றால் சூடு வேண்டும், இழுவை வேண்டும், அழுத்தம் வேண்டும். இப்போது இந்தக் காலை முறுக்கப் போகிறார், எலும்பு சத்தம் கேட்கப் போகிறது, குழந்தை வீறிடப் போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், டாக்டர் தன் கட்டை விரலைப் பாதத்தின் வெளிப்பக்கம் ஓர் இடத்தில் வைத்திருந்தார். இன்னொரு கையின் இரண்டு விரல்களால் பாதத்தின் முன்பகுதியை மிக மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளினார் என்றுகூடச் சொல்லக்கூடாது, அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார், விடுவார், மறுபடி வைப்பார். ஏதோ ஒரு மெட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குழந்தை பால் குடித்தபடியே தூங்கிவிட்டது. உதவியாளர் விரல் நுனியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டைச் சுற்றினார். இரண்டு காலுக்கும் முடிந்தது. "அடுத்த புதன் வாங்க" என்றார் டாக்டர்.

அவ்வளவுதானா என்று எங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அடுத்த புதன்கிழமை, வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டை ஊறவைத்துப் பிரித்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். பாதம் நகர்ந்திருந்தது. ஒரு விரல்கடை அளவு இருக்கும். போன வாரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த உள்ளங்கால்கள் இப்போது கொஞ்சம் முகம் திருப்பியிருந்தன. அளவு பார்த்துப் பழகிய கண் என்பதால் எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எப்டி மேடம்? நீங்க இழுக்கவே இல்லையே?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார். என் கட்டை விரலைப் பிடித்து, பாதத்தின் வெளிப்பக்கம் அந்த இடத்தில் வைத்தார். சின்னதாக, உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. "பிறந்த குழந்தைக்கு இங்க பாதிக்கு மேல இன்னும் எலும்பே ஆகல. குருத்துதான். இளநீர் வழுக்கை மாதிரி. பலம் காட்டினா கெட்டுப்போயிடும். எந்தப் பக்கம் போகணும்னு காட்டிட்டு, ஒரு வாரம் அப்படியே பிடிச்சு வெச்சா போதும். மீதிய அவளே வளர்ந்து சரி பண்ணிக்குவா."

என் விரல் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. அடுத்த நாள் கம்பெனியில் மெஷின் முன்னால் நின்றபோதும் விரல் நுனியில் அந்த உருண்டை இருந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை என்னை அதட்டினார்.

அப்புறம் ஒவ்வொரு புதனும் ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மாற்று நாளில் வேலை செய்கிறேன் என்று கெஞ்சி விடுப்பு வாங்குவேன். கட்டைப் பிரிக்கும்போது அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு வாரமும் பாதம் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும். நாலாவது வாரம் நேராகப் பார்த்தது. ஆறாவது வாரம் சற்று வெளியே பார்த்தது. பிறகு குதிகால் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு, அதற்குமேல் மூன்று வாரம் ஒரு கட்டு. அந்தக் கடைசிக் கட்டைப் பிரித்த அன்று டாக்டர் நகர்ந்து, அக்காவுக்கு இடம் விட்டார். அக்கா தன் உள்ளங்கையை விரித்து அதன் மேல் குழந்தையின் பாதத்தை வைத்தாள். குதிகாலிலிருந்து விரல் வரை முழுசாகப் படிந்தது. கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து, "டேய், இங்க பார்றா, இங்க பார்றா" என்பதைத் தவிர வேறு எதுவும் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால், நான் வெறுமனே ஒரு அதிசயத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவனாக இருந்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது.

திரும்பிய பாதம் பழையபடி மடங்கிவிடாமல் இருக்க ஒரு ஷூ கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு இரண்டு ஷூக்கள், நடுவே ஒரு கம்பி, இரண்டும் வெளியே பார்த்த மாதிரி பூட்டியிருக்கும். குதிகால் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. மூன்று மாதத்துக்குக் குளிப்பாட்டுகிற நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும், அப்புறம் நாலு வயசு வரை தூங்கும்போது மட்டும். மருத்துவமனையிலேயே இந்தக் கருவிகளைச் செய்கிற பட்டறை இருந்தது. அங்கே ஒரு பெண் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். நான் பாதிதான் காதில் வாங்கினேன். என் கண் முழுக்க அந்த ஷூ மேல் இருந்தது. லைனிங் முரட்டுத்தனமாக இருக்கிறது, குதிகால் கல் மாதிரி இருக்கிறது, எங்கள் கம்பெனியில் இது முதல் சோதனையிலேயே ரிஜெக்ட் ஆகிவிடும் என்று மனதுக்குள் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே குழந்தை அழ ஆரம்பித்தது. இரண்டு நாள் ஓயவில்லை. மூன்றாம் நாள் ஷூவைக் கழற்றினால் குதிகாலில் சிவப்பாகத் தடம். "இன்னாடா இது, தோல் உரிஞ்சிடும் போலகீது" என்று அம்மா பதறினாள். அக்கா ஷூவையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொண்டா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

மதிய இடைவேளையில் அந்த ஷூவைக் கம்பெனியில் சூடு காட்டி, குதிகால் பக்கம் விரித்தேன். உள்ளே மெத்தென்று ஃபோம் வைத்து, ஆட்டுத் தோலில் பட்டு மாதிரி லைனிங் ஒட்டினேன். வார் பூட்டுகிற இடத்தில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாக ஒரு ஷூவைச் செய்ததில்லை. அன்று சாயங்காலம் போட்டுவிட்டதும் குழந்தை அழவில்லை. காலை ஆட்டிச் சிரித்தது. தெருவில் எல்லோரிடமும் அம்மா சொல்லிப் பெருமைப்பட்டாள். மாமா போனில், "ஷூக்காரன் மச்சான் இருக்கும்போது எனக்கின்னா கவலை" என்றார்.

ஐந்து வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்தார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டு நின்றது. கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு ஷூவை எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்.

"இதை யாரு மாத்தினது?"

நான் பெருமையாக முன்னால் வந்தேன். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. "நான்தான் மேடம். ஷூ கம்பெனில லாஸ்டிங்ல இருக்கேன்."

அவர் குழந்தைக்கு ஷூவை மாட்டி, வாரைப் பூட்டி, குதிகால் ஓட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "குதிகால் தெரியுதா?"

குனிந்து பார்த்தேன். ஓட்டைக்குள் நான் ஒட்டிய லைனிங்தான் தெரிந்தது. குதிகால் அங்கே இல்லை, மேலே ஏறியிருந்தது. ஷூவுக்குள் பாதம் தன் இஷ்டத்துக்கு மறுபடியும் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்திருந்தது. இத்தனை வாரம் விரல்கடை விரல்கடையாக வந்த தூரத்தில் ஒரு பங்கை நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"மறுபடி மாவுக்கட்டு போடணும். சரியாயிடும், இப்பவே கண்டுபிடிச்சிட்டோம்" என்றார் டாக்டர். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியது அக்காதான். தாழ்வாரத்துக்கு வந்ததும், "உன்ன யாருடா கேட்டது?" என்றாள். ஒரே வரி. பஸ்ஸில் தனியாகப் போய்ப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்கக் குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை. நான் கூடத்துக்குள் வந்தால் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அடுத்த புதன், "நீ வராத, நானே போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான் அடுத்த பஸ்ஸில் போனேன். ஆனால் அக்கா இருந்த கூடத்துக்குப் போகிற தைரியம் வரவில்லை. பட்டறைப் பக்கம் போய் நின்றேன். அந்தப் பெண் ஒரு சின்ன ஷூவுக்கு வார் வைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். குடியாத்தம் பக்கம் ஊர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். குதிகால் சிவந்துபோனதால்தான் தளர்த்தினேன் என்றேன்.

அவர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். "உங்க ஷூ லூசா இருந்தா எங்க கடிக்கும்?"

"குதிகால்ல."

"ஏன்?"

"கால் மேலயும் கீழயும் போய் வரும்ல, அது உரசி…" என்று சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அதேதான் பாப்பாவுக்கும். வார் இறுக்கம் பத்தலன்னுதான் செவந்திருக்கு. இறுக்கியிருக்கணும். நீங்க இன்னும் தளர்த்திட்டீங்க" என்றார். "நீங்க செய்ற ஷூ, காலு எப்படி இருக்கோ அதுக்கு. நாங்க செய்றது, காலு எப்படி ஆகணுமோ அதுக்கு. பார்க்க ரெண்டும் ஷூ மாதிரிதான் இருக்கும்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வெட்கமும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அதையெல்லாம் தாண்டி எனக்குள் இருந்தது ஆச்சரியம்தான். இத்தனை வருடம் காலைத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, வளர்கிற காலைப் பற்றி எதுவுமே தெரியவில்லை. கம்பெனியில் இருக்கிற அச்சு நாளைக்கும் அதேதான். இங்கே இந்தப் பெண் கையில் வைத்திருக்கிற ஷூவுக்குள் போகப்போகிற கால், அடுத்த வாரம் வேறு கால். ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுகிற மாதிரியான வேலை.

"இதுக்கு இன்னா படிக்கணும்?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவர் சிரிக்கவில்லை. "பிளஸ் டூல பயாலஜி இருக்கா?" என்றார்.

இருந்தது. டாக்டராகலாம் என்று யாரோ சொல்லித்தான் அந்தக் குரூப் எடுத்தேன். மார்க் பத்தவில்லை. நர்சிங் சேரட்டுமா என்று கேட்டபோது, அது பெண்பிள்ளைகள் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், நர்ஸ் இரண்டுதான் என்று நினைத்திருந்தேன். உடலைத் தாங்குகிற கருவிகளைச் செய்வதற்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் மறுபடி மாவுக்கட்டு. அதன்பிறகு புது ஷூ. இந்த முறை அந்தப் பெண் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் மொபைலில் பதிவு செய்துகொண்டேன். முதல் மூன்று நாள் குழந்தை அழுதது. அக்கா வாரை இறுக்கிப் பூட்ட, ஓட்டையில் குதிகால் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு நான் வெளியே போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நாலாவது நாள் அழுகை குறைந்தது. குதிகாலில் வந்த சிவப்பும் ஒரு வாரத்தில் தானாக மறைந்தது. இறுக்கினால் ஆறுகிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து குழந்தையையும் ஷூவையும் என் மடியில் வைத்தாள். "இந்தா, நீயே மாட்டு. உன் கண்ணுக்குத்தான் அந்த ஓட்டைல சரியா தெரியுது" என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

படிக்கப் போகும் எண்ணத்தை நான் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகிற சமயம். விட்டால் திரும்பக் கிடைக்குமா என்று பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், குழந்தைக்கு ஒரு வயது தாண்டி இரண்டு மாதம் இருக்கும். அக்கா அவளைக் குளிப்பாட்டி இறக்கிவிட்டாள். துவட்டுவதற்குத் துண்டை எடுக்கத் திரும்பியவள் திரும்பிப் பார்த்தால் குழந்தை அங்கே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சுவரை விட்டுவிட்டுக் கூடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். தடுமாறித் தடுமாறி, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. ஆறேழு அடி இருக்கும். பொத்தென்று உட்கார்ந்துவிட்டுத் தானே கைதட்டிக்கொண்டாள்.

நாங்கள் யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தோம். சிவப்பு சிமென்ட் தரையில் ஈரக் கால்தடங்கள். ஒவ்வொன்றிலும் குதிகால் இருந்தது, ஐந்து விரல் இருந்தது, நடுவில் வளைவுகூட லேசாகத் தெரிந்தது. மிதிக்கப் போன அம்மாவை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். வெயிலில் அவை ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைகிறவரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

படிக்கப் போகிறேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். அம்மா ஆடிப்போய்விட்டாள். "கைல இருக்கிற வேலைய உட்டுட்டு மறுபடி பள்ளிக்கூடம் போறேன்றியே, உனக்கு இன்னா பைத்தியமா?" அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கெடுத்ததுக்குப் பரிகாரமாவாடா போற?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். "இல்லக்கா. எப்டி திரும்புதுன்னு தெரியணும். நானும் திருப்பணும்."

"அப்போ போ. பரிகாரத்துக்குப் போனின்னா ரெண்டு மாசத்துல ஓடி வந்துடுவ."

கம்பெனியில் கணக்கு முடிக்கப் போன அன்று சூப்பர்வைசர், "ஆம்பளப் புள்ள, கொழந்தைங்களுக்கு ஷூ மாட்டவா போற?" என்று சிரித்தார். ஆமாம் சார் என்றேன். இருபத்தொரு வயதில், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். உடற்கூறியல் பாடத்தில் பாதத்தின் எலும்புகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகப் படம் போட்டுக் காட்டியபோது, ஓர் எலும்பின் பெயர் வந்ததும் என் கட்டை விரல் தானாக அசைந்தது. அந்த உருண்டை அதுதான். பெயர் தெரிவதற்கு முன்பே எனக்கு அது விரலால் தெரிந்திருந்தது.

படிப்பு முடித்து இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசி நடக்கத் தெரியாத வயதுக்காரர்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அம்மாக்கள் துணியால் மூடித் தூக்கிவருகிறார்கள். அழுகிறதே என்று வாரைத் தளர்த்திவிட்டு வருகிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருவதில்லை. குதிகால் ஓட்டையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவேன்.

போன மாதம் அக்கா தன் மகளைக் கடைசிப் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். கூடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவள், மாவுக்கட்டோடு இருந்த ஒரு கைக்குழந்தையின் முன்னால் போய் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"பாவம் மாமா அந்தப் பாப்பா. கால்ல இன்னா ஆச்சு?"

"உள்பக்கமா மடங்கியிருக்கு. நேரா ஆக்கறோம். உனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"எனக்கா?" குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஒன்றைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "போ மாமா, பொய் சொல்ற." அவ்வளவுதான், மறுபடி ஓடிவிட்டாள்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். எத்தனையோ புதன்கிழமைகள், எத்தனையோ கட்டுகள், அக்காவின் கண்ணீர், என் தப்பு, எதுவுமே அந்தக் கால்களில் மிச்சமில்லை. எங்கள் கையில் சரியாகிப் போகிற பிள்ளைகள் எங்களை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். தங்களுக்கு ஒரு குறை இருந்தது என்பதையே நம்ப மாட்டார்கள். அவர்கள் அப்படிச் சுத்தமாக மறந்துவிட்டு ஓடுவதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், இந்த வேலை எனக்கு எப்படித்தான் கிடைத்ததோ என்று மலைத்துப்போய் நிற்கிறேன்.